சாலைச் சோதனையும் மக்கள் முறையீடும்

சாலையில் வண்டிகளை மறித்துச் சோதனையிடுதல் ஜொகூர் மக்களுக்கு அன்றாட நிகழ்ச்சியானது, 1948 ஜூனில் பிறந்த அவசரகாலத்திலேயாம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு எட்டலாகாது என்பதே அதன் முதன்மையான நோக்கம். மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றிய பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் ஜொகூரில்தான் முதலில் தொடங்கிற்று. 1951 முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. விடியலில் பால்வெட்டப் புறப்பட்டோர் வாயிலில் உடற்சோதனைக்கு வரிசையில் நின்றனர்.

இக்கட்டுப்பாடு மலாயாவின் பிற மாநிலங்களிலும் நிலவிற்று. சிலாங்கூரில், சீனர் மிகுந்த செமினி புதுக்கிராமத்தில், சோதனையின்போது பெண்களை ஆடை களையச் செய்தனர் என்று மக்கள் முறையிட்டனர். ஒருவர் தனித்து முணுமுணுத்திருந்தால் அது வாயிலோடு மறைந்திருக்கும். பலர் கூடி உரைத்தமையால் 1956-இல் அரசாங்கமே விசாரணை நடத்த நேர்ந்தது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிவுற்றது. சாலைத் தடுப்போ இன்றும் உண்டு. 1967-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் அதற்கு இடந்தருகிறது. ஆயினும், பெண்ணைச் சோதிக்க வேண்டுமாயின் மற்றொரு பெண்ணே கண்ணியம் காத்துச் சோதிக்க வேண்டும் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. வரம்பு மீறப்படின், இடமும் நேரமும் குறித்துக்கொண்டு, கண்டோரையும் சேர்த்து முறையிடுதலே தக்க வழி என்பதைச் செமினி மக்களின் வரலாறு உணர்த்துகிறது.