ஒரு சொட்டு டீசலின் வரலாறு



சுபாங் ஜெயா என்றால் இன்று நம் கண்முன் நிற்பவை அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் கல்லூரிகளும்தான். ஆனால் 1976-ஆம் ஆண்டு இந்த நகரத்தைக் கட்டத் தொடங்கும் முன், இங்கே இருந்தது சீபீல்ட் தோட்டம். நம்மவர்கள் இந்த மண்ணில் பால் வெட்டினார்கள், பழம் வெட்டினார்கள், லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். தோட்டம் போய்விட்டது. சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் அந்தத் 'தோட்டம்' இன்னும் நிலைத்திருக்கிறது.

தோட்ட வாழ்க்கையை நினைக்கும்போது பால்மரமும் செம்பனையும் ஞாபகத்துக்கு வருகின்றன. அதே அளவுக்கு வரவேண்டிய இன்னொன்றை நாம் மறந்துவிடுகிறோம். அதுதான் டீசல் இஞ்சின். லோரியை ஓட்டியது அது. டிராக்டரை இழுத்தது அது. இரவில் லயத்துக்கு விளக்கெரிய ஜெனரேட்டரைச் சுழற்றியதும் அதுவே. அந்த இஞ்சின் எப்படிப் பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டியைக் குறைந்த எண்ணெயில் நன்றாக ஓட்டும் வழியும் தெரிந்துவிடும். இதை எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிக்கனத்துக்காகவே பிறந்த இயந்திரம்

ருடோல்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது அவர் குடும்பம் பாரீசை விட்டு வெளியேற நேர்ந்தது. பிழைப்புக்காக இடம் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை என்றால் நமக்குச் சட்டென்று புரியும்.

மியூனிக் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, பேராசிரியர் கார்ல் வான் லிண்டே வகுப்பில் ஒரு செய்தி சொன்னார். நீராவி இயந்திரத்தில் நூறு பங்கு வெப்பத்தைக் கொடுத்தால், அதில் ஏறக்குறைய ஆறு முதல் பத்துப் பங்குதான் வேலையாக மாறுகிறது; மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாக வீணாகிறது என்றார். அந்தச் சொல் மாணவன் டீசலின் நெஞ்சில் தைத்துவிட்டது. வீணாவதைக் குறைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் நோக்கமாயிற்று.

அவர் கண்ட வழி இதுதான். காற்றை மிகவும் இறுக்கி அழுத்தினால் அது தானாகவே சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தினால் சூடு 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்த நேரம் பார்த்து எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1893-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நான்காண்டுகள் தோல்வி மேல் தோல்வி. கடைசியில் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் அந்த இஞ்சினைச் சோதித்தார்கள். வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகமே வியந்தது.

1900-ஆம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது என்பது நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற டீசல் நடுவழியில் காணாமற் போனார். பல நாள் கழித்து அவர் உடல் கடலில் கிடைத்தது. மனிதர் மறைந்தார், அவர் பெயர் மட்டும் எண்ணெய் நிலையம்தோறும் எழுதப்பட்டிருக்கிறது.

கப்பலிலிருந்து லோரிக்கு

முதல் டீசல் இஞ்சின்கள் மலைபோல் கனத்தவை. எண்ணெயைப் பீய்ச்சுவதற்கே தனியாக ஒரு காற்றழுத்த இயந்திரம் வேண்டியிருந்தது. ஆகவே அவை ஆலைக்கும் கப்பலுக்கும்தான் பொருத்தமாயின. 1924-இல் ஜெர்மனியில் டீசல் லோரிகள் வெளிவந்தன. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெயைத் துல்லியமாக அளந்து அனுப்பும் சிறிய பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் டீசல், சாலைக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே இஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் 'டர்போ' முறைக்கு, சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் பூச்சி 1905-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அது லோரிகளுக்குப் பரவலாக வர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு மலாயா இரயில்வேயில் டீசல் இரயில் இஞ்சின்கள் வந்தன. சுபாங் வழியாகக் கிள்ளானுக்குப் போகும் தண்டவாளம் 1886-லிருந்து நீராவி இரயிலைக் கண்டது. பிறகு டீசலைக் கண்டது. 1995-இல் மின்சாரக் கொமுட்டரையும் கண்டது.

எண்ணெய் விலை ஏறிய காலம்

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் ஒரு பீப்பாய் எண்ணெய் 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்கு ஏறிவிட்டது. 1979-இல் மறுபடியும் ஓர் ஏற்றம். அதன்பிறகுதான் 'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?' என்ற கேள்வி உலகம் முழுவதும் கேட்கத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துப் பணிமனைகளில் 'கே.எம்.பி.எல்.' என்று சொன்னால் ஓட்டுநரும் மெக்கானிக்கும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஒரு லிட்டரில் ஓடிய கிலோமீட்டர் என்பதே அதன் பொருள்.

நம் நாடு வேறொரு வழியையும் தேடியது. 1979-இல் தொடங்கப்பட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம், 1980-களில் செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்து பார்த்தது. மெர்சிடிஸ் பென்ஸ் பஸ்கள் முப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்துக்கு வெறும் டீசல், பத்துக்குப் பாதிக்குப் பாதி, பத்துக்கு முழுவதும் செம்பனை டீசல். ஒவ்வொரு பஸ்ஸும் 300,000 கிலோமீட்டர் ஓடியது. இஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை, புகையும் குறைந்தது. நம்மவர்கள் தோளில் சுமந்த பழக்குலைதான் பஸ்ஸை ஓட்டியது! 2011-இல் 5 விழுக்காடு, 2019-இல் 10 விழுக்காடு என்று செம்பனை டீசலின் கலப்பு நம் எண்ணெய் நிலையங்களுக்குப் படிப்படியாக வந்தது.

பழைய வண்டிக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பனை டீசல் பம்புக்கு நல்ல வழுவழுப்பைக் கொடுக்கும். ஆனால் பழைய தாங்கியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடையும் கரைத்துக்கொண்டு வரும். அந்தக் கசடு எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். வண்டி இழுக்கவில்லையென்றால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

அப்பாவின் நோட்டுப் புத்தகம்

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். என் தந்தையார் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தோட்டம் விற்கப்பட்டதும் நாங்கள் மலிவு வீட்டுக்குக் குடிவந்தோம். காலஞ்சென்ற பெரியப்பாவின் பழைய டீசல் வேனில்தான் அவர் தம் பேரப்பிள்ளைகளையும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரையும் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார். கூலி வாங்குவதில்லை.

2024 ஜூன் 10-ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதியுள்ள வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவித்தார்கள். வேன் இன்னும் பெரியப்பா பெயரிலேயே இருந்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. "இனிமே நம்மாலே முடியாது பாப்பா" என்றார் அப்பா. நான்கு பிள்ளைகளில் இருவரின் தாய்மார், நடந்து போகும் தூரத்திலுள்ள வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். ஓர் ஆசிரியை என்ற முறையில் அன்று நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வேனுக்கு அடியில் படுத்திருந்தார்! பக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். தோட்டத்து லோரி ஓட்டிய காலத்தில் எத்தனை மைல், எத்தனை கேலன் என்று அவர் தம் கையால் எழுதி வைத்த கணக்கு அது. "வண்டி புகையுதுன்னா நம்ம காசு புகையுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, அளவு. தாங்கியை வழிய நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் ஓட்டி, மறுபடியும் அதே நிலையத்தில் வழிய நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தார். அளக்காமல் சிக்கனம் பேசுவது வெறும் பேச்சு.

இரண்டாவது, காற்று. டீசல் இஞ்சின் காற்றைத் தின்று வாழும் இயந்திரம். எங்கள் வேனின் காற்று வடிகட்டி மண்ணும் தூசியுமாய் அடைந்து கிடந்தது. புதியது மாற்றியதும் கரும்புகை பாதி குறைந்தது.

மூன்றாவது, புகையின் நிறம். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலப்புகை என்றால் இஞ்சின் எண்ணெய் உள்ளே புகுந்து எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எண்ணெய் பீய்ச்சும் நோசல்களைக் கழற்றிப் பட்டறையில் சோதிக்கக் கொடுத்தார். நான்கில் ஒன்று பனிபோல் தூவாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. சொட்டாக விழும் எண்ணெய் முழுவதும் எரியாது.

நான்காவது, சூடு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று எவரோ எப்போதோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது பலரும் செய்யும் தவறு. இஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் எண்ணெய் கூடுதலாகப் போகும், தேய்மானமும் கூடும். அப்பா புதிதாக ஒன்றைப் பொருத்தினார்.

ஐந்தாவது, உருளும் பாகங்கள். டயரில் காற்று குறைவு. பின் சக்கரம் ஒன்றில் பிரேக் பிடித்தபடியே இருந்தது. தேரை இழுக்கும்போது பின்னால் நான்கு பேர் பிடித்து இழுத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

ஆறாவது, ஓட்டும் முறை. பள்ளி வாசலில் இஞ்சினை அணைத்து வைத்தார். வேகத்தையும் குறைத்தார். மணிக்கு 90 கிலோமீட்டரில் போவதைவிட 110-இல் போகும்போது காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது.

பம்பைத் திருகிவிட்டு இழுவையைக் கூட்டித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் பெரும்பகுதி புகையாகத்தான் போகும். 1996-ஆம் ஆண்டு டீசல் புகைச் சட்டம் வகுத்த 50 எச்.எஸ்.யு. அளவைத் தாண்டினால் தண்டமும் கட்டவேண்டி வரும். பழுது நீக்கியதிலேயே வேன் மேட்டில் முன்னைவிட நன்றாக இழுத்தது. 'தாங்கியில் போட்டால் பாதி எண்ணெய் மிச்சம்' என்று விற்கும் மாத்திரைகளையும் அவர் சீந்தவில்லை.

கணக்குச் சொல்லும் உண்மை

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வேன் நாளுக்கு 60 கிலோமீட்டராக 21 பள்ளி நாள் ஓடினால் 1,260 கிலோமீட்டர். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்றால் 140 லிட்டர் வேண்டும். பழைய விலையில் 301 வெள்ளி; புது விலையில் 469 வெள்ளி. கூடுதல் சுமை 168 வெள்ளி. பழுதையெல்லாம் நீக்கி, லிட்டருக்கு பத்தரை கிலோமீட்டர் ஓடும்படி செய்தால் 120 லிட்டர் போதும். செலவு 402 வெள்ளி. மிச்சம் 67 வெள்ளி.

ஏறிய சுமை முழுவதும் இறங்கிவிடவில்லை. ஐந்தில் இரண்டு பங்குதான் இறங்கியிருக்கிறது. மாயமந்திரம் எதுவும் இல்லை. எங்கள் வேனும் ஏறக்குறைய இந்தக் கணக்குக்கே வந்து நின்றது. மீதிச் சுமையை நான்கு குடும்பங்களும் பகிர்ந்துகொண்டன. பிள்ளைகள் நால்வரும் இன்றும் தமிழ்ப்பள்ளிக்கே வருகிறார்கள்.

ருடோல்ப் டீசல் வகுப்பறையில் கேட்ட ஒரு சொல்லிலிருந்து தம் பணியைத் தொடங்கினார். வீணாவதைக் குறைக்க வேண்டும் என்பதே அது. நூறாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு வேனுக்கடியில் படுத்துக்கொண்டு என் தந்தையார் செய்ததும் அதே வேலைதான். அவரிடம் பட்டம் இல்லை. அளக்கத் தெரியும், எழுதி வைக்கத் தெரியும், வகுக்கத் தெரியும். அந்த வகுத்தல் கணக்கை அவருக்குக் கற்றுக் கொடுத்தது, இன்று இடம் தெரியாமற் போன ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி.

பரிசு பெறும் மாணவச் செல்வங்களே! மருத்துவராக வேண்டும், வழக்கறிஞராக வேண்டும் என்று ஆசைப்படுங்கள், நல்லதே. இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் ஆசையையும் விட்டுவிடாதீர்கள். கையில் கிரீஸ் படுவது இழிவல்ல. அப்பாவின் நோட்டுப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடத்துக்கு அதிலிருந்துதான் கேள்வி எடுக்கிறேன்.