தோட்டத்து ஸ்டோருக்கு வந்த துவக்கு

மலையகத்தைப் பற்றி எழுத அமரும் ஒவ்வொரு தடவையும் தேயிலையைப் பற்றியே எழுத நேர்ந்துவிடுகிறது. இம்முறை ஒரு துவக்கைப் பற்றி எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில், பத்திரிகைத் தொழிலில் நான் இளைஞனாக இருந்தபோது, சம்பளப் பிரச்சினை ஒன்று தொடர்பாகச் செய்தி சேகரிக்கத் திம்புள்ள பகுதித் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே ஸ்டோரில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அறிமுகமானார். தேயிலைத் தொழிற்சாலையை மலையக மக்கள் ஸ்டோர் என்றே சொல்வார்கள். லயத்து வாசலில் அமர்ந்து அவர் சொன்ன கதை அன்று செய்தியாகவில்லை. என் குறிப்புப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலம். அவருக்கு அப்போது வயது பதினாறு. தந்தையும் அதே ஸ்டோரில் பிட்டர். அடைமழை நாளொன்றில் பங்களாவிலிருந்து துரையின் றைபிள் சாக்கில் சுற்றப்பட்டு வந்தது. போல்ட் இறுகிவிட்டது, கைப்பிடியை மேலே தூக்க முடியவில்லை.

அது .303 லீ என்ஃபீல்ட் றைபிள். ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டையும் இங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆயுதத் தொழிற்சாலையின் குழலையும் இணைத்து 1895இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட ஆயுதம். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்டு முடிந்த வெற்று உறை வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதிய தோட்டா அறைக்குள் சென்று பூட்டிக்கொள்ளும். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் அந்தத் துவக்கின் வேகமெல்லாம் போல்ட் வழுக்கிச் செல்வதிலேயே தங்கியிருந்தது.

போல்ட் இறுகுவது சிறு விடயமன்று. முதலாம் உலகப் போரில் கனடாப் படையினர் ரொஸ் என்னும் றைபிளை ஏந்திச் சென்றனர். குறி தவறாத துவக்கு என்று பெயர் பெற்றது அது. ஆனால் 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்க்களத்தின் சேற்றிலும் தொடர்ச்சியான சூட்டிலும் அதன் போல்ட் இறுகியது. காலால் உதைத்துத் திறக்க முயன்ற சிப்பாய்கள், இறந்துகிடந்த பிரித்தானியரின் லீ என்ஃபீல்ட்களை எடுத்துக்கொண்டனர். 1916இல் ரொஸ் றைபிள் களத்திலிருந்து விலக்கப்பட்டது.

திம்புள்ளவில் சேறு இல்லை, ஈரம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்த மலைச்சரிவை நனைத்தபடியே இருக்கும். அக்காலத்து .303 தோட்டாவின் வெடிமூட்டி, சுட்ட பின் குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் பூசினால் உப்பு கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவவேண்டும் என்பதே இராணுவத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்தத் துரை அதைச் செய்யவில்லை. பங்களாவில் துவக்கு எண்ணெய் தீர்ந்துபோக, வேலைக்காரப் பையன் சமையலறையிலிருந்த தேங்காய் எண்ணெயைப் போல்ட்டில் தாராளமாக ஊற்றியிருக்கிறான். கொழும்பில் தண்ணீராய் ஓடும் தேங்காய் எண்ணெய் நான்காயிரம் அடி உயரத்துக் குளிரில் மெழுகாய் உறைந்துவிடும். வெளியே உறைந்த எண்ணெய், உள்ளே துருவில் ஒட்டிய வெற்று உறை. இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டன.

தந்தை சுத்தியலைத் தொடவில்லையாம். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால், முதலில் குழலின் வாயை மண் மூட்டையின் பக்கம் திருப்பிக் கட்டினார். மகசீனைக் கழற்றினார். வெந்நீரில் நனைத்த சாக்குத் துணியைப் போல்ட்டின் மேல் போர்த்தி எண்ணெயை இளகவைத்தார். மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு மரக்கட்டையால் கைப்பிடியை மெல்லத் தட்டினார். போல்ட் அசைந்து, உறை வெளியே விழுந்தது. கொதிநீர் விட்டுக் குழலைக் கழுவித் துடைத்து, இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயைத் தொட்டுப் பூசினார். போல்ட்டிலும் துவக்கின் உடலிலும் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டிருந்ததைக் காட்டி, ஒன்றின் போல்ட் இன்னொன்றுக்குச் சரிவராது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பையனுக்கு ஆசை வந்தது. துவக்கை எடுத்துத் தோளில் வைத்தான். தந்தை பளாரென்று அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் தந்தை தன்னை அடித்ததே இல்லை என்றார் முதியவர்.

அந்த அறையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும். இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை 1900இல் கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டத்துரைமாரின் தொண்டர் படை அது. தென்னாபிரிக்கப் போயர் யுத்தத்துக்கு அதிலிருந்து ஆட்கள் சென்றனர். 1914 ஒக்டோபரில் சுமார் 230 பேர் எகிப்துக்குக் கப்பலேறினர். 1915இல் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலர்களாக நின்றவர்களும் அவர்களே. அந்தப் படையில் தோட்டத் தொழிலாளிக்கு இடமில்லை. துவக்கைத் துரை ஏந்துவார். தொழிலாளி அதைத் துடைக்கலாம், திறந்தும் கொடுக்கலாம்.

முதியவரின் தந்தை அந்த அறையை அறைந்த காலத்துக்குச் சற்று முன்னர்தான், 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என அவர் நினைக்கப்படுகிறார். அந்தச் செய்தி லயம் லயமாகப் பரவியிருந்த காலம் அது. கையில் துவக்குடன் ஒரு தோட்டத்துப் பையனை எவராவது கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தந்தை அறிந்திருந்தார்.

1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றம் அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது துரைமார் படை கலைக்கப்பட்டது. படை போனது; .303 போகவில்லை. பொலிசாரின் கைகளில் அது பல தசாப்தங்கள் நீடித்தது. 1977 மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத் தோட்டங்களின் ஏழாயிரம் ஏக்கரைச் சுவீகரிப்பதை எதிர்த்த தொழிலாளர் மீது டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். திம்புள்ளவிலிருந்து கூப்பிடு தூரம்தான் டெவன்.

விடைபெற எழுந்தபோது முதியவர் சொன்னார்: "தம்பி, துவக்கு இறுகினப்ப எங்கப்பாவத்தான் கூப்புட்டாங்க. அது நல்லா வேல செஞ்சப்ப யாரு பக்கம் திரும்புச்சுன்னு நீங்க எழுதுங்க."

அப்போது எழுதவில்லை, ஐயா. குடியுரிமையின் கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவிழ்ந்ததைப் பார்க்க நீங்கள் இருந்தீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. படைப்பிரிவின் வரலாற்றில் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களது துவக்கைத் திறந்து கொடுத்த கைகளுக்கு இந்தக் குறிப்பாவது இருக்கட்டும்.