அஞ்சிய மக்களும் அணையாத காவலும்

தாமிரபரணி கடலொடு கலக்குமிடம் புன்னைக்காயல். அதற்குத் தெற்கே கன்னியாகுமரி வரையிலான முத்துக்குளித்துறை ஊர்கள் 1544ஆம் ஆண்டு சூன் திங்களில் நிலைகுலைந்தன. வடுகர் குதிரைப்படை சூறையாட வந்தபோது, குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். மணப்பாட்டிலிருந்த தூய சவேரியார் 20 தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று வழிமறிக்கவே, பின்னர்க் கால்நடையாகச் சென்று அவர்களைக் கண்டார்.

அந்நாள்களில் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய மடல்கள் இன்றும் உள்ளன. நிலவொளியில் படை வரக்கூடுமென அஞ்சி, நிலப்பக்கம் இரவுக் காவல் வைக்கப் பணிக்கிறார். மற்றொரு மடலில், கண்ணெதிரே நிகழ்ந்த அநீதிகளால் தமக்கு வாழ்வே சலித்ததென மறையாது எழுதுகிறார். இவரை விசுவாசம் குன்றியவர் என்போமா?

அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்த அச்சம் காவல் வைத்தது. பகைவர் விலகிய பின்னும் உள்ளத்தில் காவல் கலையாது நிற்பின், அதுவே பதற்றம். அச்சத்துக்குக் குறித்ததொரு பொருள் உண்டு, பதற்றத்துக்கு இல்லை என்று 1844இல் டென்மார்க்கு நாட்டு மெய்யியலாளர் கீர்க்ககார்டு பகுத்துரைத்தார். நரம்புத்தளர்ச்சி என்னும் பொதுப்பெயரினின்று 1895இல் பிராய்டு அதனைத் தனி நோயாகப் பிரித்தார்.

இன்றைய மருத்துவர் காணும் அறிகுறிகள் தெளிவானவை. அடக்கவியலாக் கவலை 6 மாதமேனும் பெரும்பாலான நாள்களில் நீடிக்கும். அதனோடு மன அமைதியின்மை, எளிதில் களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், உறக்கக்கேடு என்பவற்றுள் மூன்றேனும் சேரும். சிலருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டி, இறந்தேவிடுவோமென்ற திகில் எழும்.

இத்தகையோரிடம் நாம் என்ன சொல்கிறோம்? ‘செபம் போதாது’ என்கிறோம். ‘காற்றுக் கருப்பு’ என்கிறோம். நோயுற்றவர்மேல் குற்றவுணர்வையும் ஏற்றிவிடுகிறோம். அவரோ வாய்மூடித் தனித்துப் போகிறார். தைராய்டு சுரப்பியின் கோளாறும் இவ்வறிகுறிகளைத் தரலாமாதலின், முதலில் மருத்துவரைக் காண்பதே முறை. ஆலோசனையும் மருந்தும் இந்நோயைப் பெரிதும் தணிக்கும். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சவேரியார் செபித்தார், தோணிகளையும் திரட்டினார். தோணி செல்லாதபோது நடந்தே போனார். பாறையில் ஒதுங்கியோரிடம், ‘ஏன் அஞ்சினீர்கள்?’ என வழக்காடவில்லை. நம் இல்லத்தில் உறங்காது விழித்திருப்பவரிடமும் நாம் அவ்வாறே செல்வோமாக.