செண்பகனூர் ஆவணங்களும் நாம் கல்லாத மொழிகளும்

யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்காக அவர்களது எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றதாகத் திர்மிதீயில் காண்கிறோம். பிறர் எழுதியதை நாமே படித்தறிய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

பழனி மலையில் இதை நினைவூட்டும் இடம் ஒன்றுண்டு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அவர்களது மதுரை மிஷனின் ஆவணங்கள் நெடுங்காலம் அங்கே பேணப்பட்டன. இலத்தீன், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு அறியாதார்க்கு அவற்றுட் பல ஊமை ஏடுகளே.

அம்மொழிகளால் நமக்கென்ன பயன்? மதுரைக்கு வருமுன் இச்சபையார் பணியாற்றிய களம் முத்துக்குளித்துறை. அக்கடலில்தான் மரைக்காயர்கள் போர்த்துக்கீசியரை எதிர்த்தனர். 1538இல் வேதாளையில் தோற்றனர். அந்நிகழ்வுகளைப் பெரிதும் எழுதிவைத்தோர் வென்றவர்களே. அரபியரையும் தமிழ் முஸ்லிம்களையும் ஒரே சொல்லால் 'மூர்கள்' என்றனர். ஓரிடத்தில் அச்சொல் யாரைச் சுட்டுகிறது என்பதை மூலத்தைப் படிப்பவரே எடைபோட முடியும்.

அவர்களோ நம் மொழியைக் கற்கத் தயங்கவில்லை. காயல்பட்டினத்தை அடுத்த புன்னைக்காயலில் பணியாற்றிய அன்றிக் அடிகளார் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சேற்றினார்.

அரபு எழுத்தில் தமிழை வடித்து அரபுத்தமிழ் கண்ட சமுதாயத்திற்கு மொழிகற்றல் புதிதன்று. நம் கல்லூரிகள் மாணவர் சிலருக்கேனும் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் பயிற்றுவித்தால், நம் முன்னோரைப் பற்றி அவர்தம் பகைவர் எழுதியதையும் நாமே படித்து மறுமொழி கூறலாம்.