பொருளியல் மாணவர்களும் நம் பக்கத்துக் கிராமங்களும்

மலர்க் குழுவினர் "பொருளியல் துறையின் பழைய மாணவர் என்ற முறையில் ஏதாவது எழுதித் தாருங்கள் ஐயா" என்று கேட்டார்கள். பேராசிரியர்களின் கண்டிப்பையும் விடுதிச் சாம்பாரையும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள் என்ற தைரியத்தில், நம் பாடத்தோடு ஒட்டிய ஒரு சிறு வரலாற்றை நான் எடுத்துக்கொண்டேன்.

பி.ஏ. பொருளியலில் நாம் படித்தது என்ன? ஆடம் ஸ்மித், மால்தஸ், ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு, மார்ஷலின் தேவை நெகிழ்ச்சி. எல்லாம் அவசியமானவைதான். ஆனால் கச்சிராயபாளையத்தில் ஒரு ஏக்கர் கரும்புக் காட்டுக்குக் குத்தகை எவ்வளவு, மலையில் விளையும் மரவள்ளியை ஜவ்வரிசி ஆலைவரை கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி வாடகை எவ்வளவு என்று எந்த வினாத்தாளும் நம்மைக் கேட்டதில்லை. இதையும் பாடமாக வைக்கலாம் என்று நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தவர். இங்கிலாந்தில் கிராமப் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் குடியானவர்கள் நிலம் இழந்த கதையை 1907-லேயே புத்தகமாக எழுதியவர். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மாணவர்கள் கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்குகிறார்கள் என்பது மாதிரியான கேள்விகள். 1916-ல் மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த விவரங்கள் 1918-ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. திருநெல்வேலி கங்கைகொண்டான், இராமநாதபுரம் வடமலைபுரம், தஞ்சாவூர் பாலக்குறிச்சி, வடாற்காடு தூசி ஆகியவற்றோடு நம் தென்னாற்காட்டிலிருந்தும் ஒரு கிராமம் அதில் இடம்பெற்றது. அதுதான் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் இருக்கும் இருவேல்பட்டு. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் வெள்ளத்தின்போது செய்திகளில் அடிபட்டதே, அதே ஊர்தான்!

இருவேல்பட்டுக் கணக்கில் படியாட்களைப் பற்றிய பகுதியை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். கடன் வாங்கியவன் அது அடையும்வரை நிலக்காரரிடம் உழைப்பதாக ஒப்புக்கொள்கிறான். கடனோ குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளும் அந்த நிலத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். அடிமை முறையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஊரில் நடந்தது இதுதான் என்று ஒரு மாணவனின் கட்டுரை சாட்சி சொல்கிறது.

இந்தக் கட்டுரைகள் மார்க் வாங்கியதோடு முடியவில்லை. 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை 1936-37-ல் மறு ஆய்வு செய்து 1940-ல் நூலாக்கினார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் அந்தப் பண்ணை வேலையை மட்டுமே நம்பியிருந்த நிலை மாறியதையும் இவர்களால் அளந்து சொல்ல முடிந்தது. எப்படி முடிந்தது? 1916-ல் யாரோ ஒரு மாணவன் உட்கார்ந்து எழுதி வைத்தானே, அதனால்தான். முதல் கணக்கு இல்லாமல் மாற்றத்தை எதை வைத்து அளப்பது?

இதில் ஒரு குறையும் உண்டு. அன்றைக்குக் கல்லூரிப் படியேறியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். படியாளின் பிள்ளை தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதும் காலம் அப்போது வரவில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரில் கல்வராயன் மலை வருகிறது. மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றிய பதிவும் உண்டு. (மலையாளி என்றதும் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது.) ஆனால் அது ஓர் அதிகாரி எழுதியது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த அந்த மலை, 1976-ல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை அடைந்து இருபத்தொன்பது வருடம் கழித்து! 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. 2024 ஜூனில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, மலைமக்களின் சாலை, பள்ளி, மருத்துவ வசதி என்ன நிலையில் இருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு பொருளியல் மாணவன் நோட்டில் எழுதியிருக்க வேண்டிய கேள்விகளை, இத்தனை சாவுக்குப் பிறகு நீதிபதிகள் கேட்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே இன்றைய மாணவ மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிமலையிலிருந்தும் அதைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகள் இன்று கல்லூரி வகுப்புகளில் இருக்கிறார்கள். ஸ்லேட்டருக்குக் கிடைக்காத மாணவர்கள் நீங்கள். கடைசி வருட ப்ராஜெக்டை ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். உங்கள் ஊரையே எழுதுங்கள். எத்தனை வீட்டுக்கு நிலப் பட்டா இருக்கிறது? கடுக்காய், தேன், புளி என்ன விலைக்குப் போகிறது, வாங்குவது யார்? எத்தனை பேர் பிழைப்புக்கு வெளியூர் போகிறார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டா? பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக எவ்வளவு நேரம் ஆகிறது? கேட்டதைக் கேட்டபடி, தேதி போட்டு எழுதுங்கள். பெயர்களை வெளியிடாதீர்கள், கணக்கை மட்டும் மறைக்காதீர்கள். காமர்ஸ் மாணவர்கள் சந்தைக் கடைகளின் வரவு செலவையும், வரலாற்று மாணவர்கள் பெரியவர்கள் வாயால் சொல்லும் ஜாகீர் காலத்து நினைவுகளையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. இப்படி எழுதப்படும் நோட்டுகளை வருடாவருடம் பைண்டு செய்து கல்லூரி நூலகத்தில் தனி அலமாரியில் வைப்போம். முதல் ஐந்து வருடங்களுக்கான செலவை எங்கள் பேட்ச் நண்பர்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து நம் மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர் முதலில் அந்த அலமாரியைத் தேடி வர வேண்டும். வாழ்க நம் கல்லூரி!