டிக்கெட் இல்லாதவருக்கும் ஓரிடம்: மும்பை ரயில் நிலையங்களும் பொதுவெளியும்

ரயில் நிலையத்தை ஊர்ப் பொதுவெளியாகவும் அமைக்க முனைவோர் முதலில் தீர்க்க வேண்டியது, டிக்கெட் எடுக்காதவர் எதுவரை வரலாம், எங்கே உட்காரலாம் என்பதையே. ஹார்பர் வழித்தடத்தில் சுனாபட்டியில் ஏறி வாஷியில் இறங்குபவர் இதற்கு இருவேறு விடைகளைக் காணலாம்.

சுனாபட்டி, மாட்டுங்கா போன்ற பழைய நிலையங்களில் ரயில்வேயின் எல்லைக்கு அப்பால் மாநகராட்சித் தெரு. நடைமேடையும் மேம்பாலமும் ஆட்களைக் கடத்திவிடவே கட்டப்பட்டவை. மாட்டுங்காவின் கிழக்கே பூக்கடையும் காய்கறிக் கடையும் உணவகமுமாகத் தமிழர் கடைத்தெரு தானாகவே வளர்ந்தது. அதற்கென எந்தக் கட்டட வரைபடத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஒதுங்கி நிற்க இடமில்லாமை உயிரையும் பறிக்கும். 2017 செப்டம்பர் 29 காலை, எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில் மழைக்கு ஒதுங்கியவர்கள் மேம்பாலப் படிக்கட்டிலேயே நின்றனர். ரயில்களில் வந்திறங்கிய கூட்டமும் சேர, நெரிசலில் 23 பேர் இறந்தனர். பாலம் குறுகல் என்பது உண்மை. கூரை வேய்ந்த முற்றம் ஒன்று கீழே இருந்திருந்தால் அத்தனை பேர் படியில் நின்றிருக்கத் தேவையில்லை என்பதும் உண்மை.

நவி மும்பையில், 1970இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் நகரமைப்பு நிறுவனமான சிட்கோ நகரையும் நிலையங்களையும் சேர்த்தே திட்டமிட்டது. ரயில் பாதைச் செலவில் 67 விழுக்காட்டை அதுவே ஏற்றது, மீதி ரயில்வேயினுடையது. நிலமும் சிட்கோவின் கையில் இருந்ததால், 1992இல் ரயில் வந்த வாஷியில் நிலையத்தோடு கடைகளும் அலுவலக மாடிகளும் எழுந்தன. வாயிலுக்கு வெளியே விசாலமான இடமும் கிடைத்தது. சீவுட்ஸில் நிலையமும் பெரிய வணிக வளாகமும் ஒட்டியே நிற்கின்றன. ஆனால் வணிக வளாகம் பொதுவெளிக்கு ஈடாகாது. காசு செலவழிக்காமல் உட்கார முடிந்தால்தான் அது ஊருக்கு உரியது. ஜப்பானில் கட்டடக் கலைஞர் ஹிரோஷி ஹாரா வடிவமைத்து 1997இல் திறந்த கியோட்டோ நிலையத்தில் 171 படிகள் கொண்ட பெரும் படிக்கட்டு உண்டு. அதில் யாரும் அமரலாம். அங்கே இசை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன.

அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று திறக்கப்பட்ட 103 நிலையங்களில் மாட்டுங்கா, வடாலா ரோடு, சிதம்பரம், ஸ்ரீரங்கம் ஆகியவையும் அடங்கும். நிலையத்தின் இருபுறத்து ஊரையும் இணைப்பது திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அதற்கு முகப்பு அலங்காரம் போதாது. டிக்கெட் எல்லைக்கு வெளியே நிழல், இருக்கை, குடிநீர், கழிப்பறை, இரவு விளக்கு எல்லாம் வேண்டும். அவற்றைப் பராமரிப்பது ரயில்வேயா மாநகராட்சியா என்பதும் கட்டும் முன்பே எழுத்தில் முடிவாக வேண்டும். மாட்டுங்கா சாலை மேம்பாலத்தின் அடியிலிருந்த வெற்றிடம் குடியிருப்போரின் விடாமுயற்சியால் 2016இல் மாநகராட்சிப் பூங்காவாகி, நர்மதை ஆற்றின் போக்கில் வளைந்த நடைபாதையும் பெற்றது. நிலைய வாசல்களுக்கும் அந்த முயற்சி பொருந்தும்.