'ராக்கெட் 88': பாட்டு யாருது, பேர் யாருது?

கறுப்பு எழுத்தைப் பற்றி நம்ம பக்கங்களில் நெறயப் பேசியாச்சு. கறுப்புப் பாட்டைப் பற்றிப் பேசினது கொஞ்சம்தான். ராக் அண்ட் ரோல் என்றதும் எல்விஸ் பிரெஸ்லியின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. எல்விஸின் முதல் இசைத்தட்டுக்கு மூணு வருசம் முந்தியே வந்த ஒரு பாட்டின் கதை இது.

1951 மார்ச். மிசிசிப்பியின் பருத்திக்காட்டு ஊரான கிளார்க்ஸ்டேலிலிருந்து கறுப்பு இளவட்டங்கள் சிலர் பாட்டுப் பதிய மெம்ஃபிஸுக்குக் காரில் கிளம்புகிறார்கள். குழுத்தலைவர் ஐக் டர்னர். 19 வயசு, பியானோக்காரர். பாடப் போகிறவர் சாக்ஸபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டன். வழியில் வில்லி கிஸார்ட்டின் கித்தார் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போச்சு. கார் மேலேயிருந்து விழுந்தது என்பார்கள். மழையில் நனைஞ்சது என்பார்கள். வேற வாங்கக் காசு ஏது? காகிதத்தைக் கசக்கி ஸ்பீக்கருக்குள் திணிச்சு வாசிச்சாங்க. தொண்டை கட்டின ஆள் மாதிரி கரகரன்னு ஒரு சத்தம். ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த வெள்ளைக்காரர் சாம் ஃபிலிப்ஸ் அந்தக் கரகரப்பை அப்படியே விட்டுவிட்டார். அவர் காதுக்கு அந்த மரியாதையைக் கொடுத்துத்தான் ஆகணும். பின்னாளில் இதே கரகரப்பை உண்டாக்கத் தனிக்கருவியே செஞ்சு வித்தாங்க.

மெட்டு முழுசும் புதுசில்லை. ஜிம்மி லிகின்ஸின் 'கேடிலாக் பூகி'யிலிருந்து எடுத்ததைப் பிரென்ஸ்டனே ஒத்துக்கிட்டார். பாட்டு ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி 1949-இல் இறக்கிய 'ராக்கெட் 88' காரைப் பற்றியது. இது வெறும் பகட்டில்லை. தென்மாநிலங்களில் பஸ்ஸில் கறுப்பருக்குப் பின்சீட்டுதான். சொந்தக் காரில் 'எந்திரி' என்று சொல்ல எவனும் இல்லை. ஆனா அந்தக் காரிலும் ராத்திரி எங்கே தங்கலாம், எந்தக் கடையில் சோறு போடுவான் என்று தெரிஞ்சுக்க 1936 முதல் 'கிரீன் புக்' என்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் தேவைப்பட்டது. இதையெல்லாம் மனசில் வச்சுக் கேட்டால்தான் அந்தப் பாட்டின் துள்ளல் புரியும்.

சிகாகோவின் செஸ் கம்பெனி தட்டை வெளியிட்டது. தட்டில் அச்சான பேர் 'ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும்'. அப்படி ஒரு குழுவே கிடையாது. குழு, ஐக்கின் 'கிங்ஸ் ஆஃப் ரிதம்'. ஜூனில் பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அந்தப் பட்டியலுக்கு 1949 வரைக்கும் பேரே 'இனத் தட்டுகள்'. பாட்டுக்கும் தனித்தெரு!

இதுதான் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டா என்ற சண்டை ஓயலை. ஃபேட்ஸ் டொமினோ, ராய் ப்ரவுன், அதுக்கும் முந்தி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று பேர்கள் வரும். எல்லாம் கறுப்புப் பேர்கள். எனக்கு அந்தச் சண்டையைவிடக் கூலிக் கணக்குதான் முக்கியம். தனக்குக் கிடைச்சது 20 டாலர் என்றார் ஐக். பிரென்ஸ்டன் தன் உரிமையை 910 டாலருக்கு ஃபிலிப்ஸிடம் எழுதிக் கொடுத்தார். ஃபிலிப்ஸ் அடுத்த வருசமே 'சன்' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1954-இல் எல்விஸின் முதல் தட்டு அங்கேதான் வந்தது. அதில் ஒரு பக்கம் ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பரின் பாட்டு. 1955-இல் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ.வுக்கு வித்த விலை 35,000 டாலர். 910-ஐயும் 35,000-ஐயும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

பிரென்ஸ்டனின் சொந்தக் குழு நிலைக்கலை. 1955-இல் ஐக்கிடமே சாக்ஸபோன் வாசிக்கத் திரும்பினார். 'ராக்கெட் 88' மட்டும் பாடக்கூடாதுன்னு ஐக் தடுத்தார் என்பார்கள். குடி அவரைத் தின்றது. 1979-இல் மெம்ஃபிஸில் இறந்தார்.

ஐக்கைப் பாவம் என்று சொல்லி முடிச்சுவிட முடியாது. தட்டில் பேர் பறிபோன அதே மனுசன், 1960-இல் ஆனா மே புல்லக் என்ற கறுப்புப் பெண்ணுக்கு அவரைக் கேட்காமலே 'டினா டர்னர்' என்று பேர் வச்சு, அந்தப் பேரைத் தன் உடைமையாகவும் பதிஞ்சு வச்சுக்கிட்டார். அவர் போனால் இன்னொருத்தியை அதே பேரில் மேடையேற்றலாமில்லையா? அடி, உதை தனி. 1976-இல் டினா ஓடிவந்தார். 1978-இல் விவாகரத்து. சொத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார். பேரை மட்டும் விடமாட்டேன்னு நின்னு வாங்கினார்.